ஜனாதிபதியின் தளர்ச்சியும் நீதியரசர் நியமனமும்: இலங்கை அனுபவத்தின் ஒரு மீளாய்வு

ஊழல் குற்றச்சாட்டினாலோ அதிகாரத் துஷ்பிரயோகத்தினாலோ மக்கள் மத்தியில் மதிப்பிழந்த ஒரு ஜனாதிபதி, உயர் நீதிமன்றத்துக்கு நீதியரசர்களை நியமிக்கும் வலுவையும் சேர்த்து இழக்கிறாரா? கொழும்பு அரசியல்வாதிகளும் சட்டத்தரணிகளும் மட்டும் கவலைப்பட வேண்டிய கேள்வி இது என்று கண்டியில் இருப்பவர்கள் ஒதுக்கிவிட முடியாது. மஹய்யாவயில் வாழும் ஒரு மாநகர சபைத் தொழிலாளிக்கு அரச அதிகாரி ஒருவரால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், அவர் ஒரு மாதத்துக்குள் போய் நிற்க வேண்டிய இடம் கொழும்பு உயர் நீதிமன்றம். அந்த மனுவைக் கேட்டுத் தீர்க்கும் அதிகாரம் கண்டியிலுள்ள எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோது, பாதுகாப்புத் தரத் தவறியவர்களிடம் கணக்குக் கேட்கும் வழியும் அங்கேதான் போனது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது, அதை அடியொற்றி வாக்குரிமையைப் பறித்த சட்டமும் செல்லும் என்று முதலில் நம் உயர் நீதிமன்றமும் 1953இல் பிரிவி கவுன்சிலும் தீர்ப்பளித்தன. அந்த ஆசனங்களில் யார் அமர்கிறார் என்பது ஒரு சமூகத்தின் தலைவிதியை எவ்வளவு தூரம் தீர்மானிக்கும் என்பதை மலையகம் அன்றே அறிந்துகொண்டது.

இலங்கையில் 1978 முதல் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், பரவலாக நிலவும் ஒரு நம்பிக்கை உடைகிறது. பெயர் கெட்ட தலைவரின் கை தானாகவே தளர்ந்துவிடும், அவர் விரும்பியவரை நியமிக்க முடியாமல் போய்விடும் என்பதே அந்த நம்பிக்கை. களங்கம் தானாக எந்த அதிகாரத்தையும் குறைப்பதில்லை. ஜனாதிபதி சம்மதம் கேட்டே ஆக வேண்டிய ஒரு நிறுவனம் இருந்து, அதில் மறுப்புச் சொல்லத் தேவையான எண்ணிக்கையும் இருக்கும்போதுதான் களங்கம் அதிகாரத்தைக் குறைக்கிறது. இந்த இரண்டும் இல்லாத காலத்தில் அது நேர்மாறாக வேலை செய்கிறது. வழக்குக்கு அஞ்சும் ஆட்சியாளருக்கு நீதிமன்றத்தில் தமக்கு வேண்டியவர் இருக்க வேண்டும் என்ற அவா கூடுகிறது. அந்த அவாவைத் தடுக்க யாரும் இருப்பதில்லை.

கட்டற்ற அதிகாரத்தின் தொடக்கம்

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பிரதம நீதியரசரையும், உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் ஏனைய நீதியரசர்களையும் நியமிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதியின் கையொப்பத்துக்கே விட்டது. யாரையும் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது அன்றைய உயர் நீதிமன்ற நீதியரசர்கள் எல்லோருடைய பதவியும் முடிவுக்கு வந்தது. ஜே.ஆர். ஜயவர்தன அவர்களில் சிலரை மட்டுமே மீண்டும் நியமித்தார். 1977 தேர்தலில் 168 ஆசனங்களில் 140ஐ வென்ற கட்சியின் தலைவருக்கு இதைத் தட்டிக்கேட்க ஆள் இருக்கவில்லை. அவருடைய காலத்திலும் அவக்கேடுகள் நடக்காமல் இல்லை. 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பொதுத் தேர்தலே நடத்தாமல் பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டது. 1983 ஜூனில், பொலிஸார் அடிப்படை உரிமையை மீறினர் என்று விவியன் குணவர்தன வழக்கில் தீர்ப்பளித்த நீதியரசர்களின் வீடுகளுக்கு முன்னால் காடையர் கூட்டம் போய்க் கூச்சலிட்டது. ஜயவர்தன தாமே தேர்ந்து நியமித்த பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன் அரசை விமர்சித்து ஆற்றிய ஓர் உரைக்காக, 1984இல் பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் விசாரணைக்கு உள்ளாக்கப்பட்டார். இவற்றில் எதுவும் ஜனாதிபதியின் நியமன அதிகாரத்தை இம்மியளவும் குறைக்கவில்லை. கண்டனம் இருந்தது, அந்தக் கண்டனத்தை மறுப்பாக மாற்றும் நிறுவனம் இருக்கவில்லை.

இதற்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளியும். 1962 சதிமுயற்சி வழக்கை விசாரிக்கும் மூன்று நீதியரசர்களை நீதி அமைச்சரே பெயர் குறித்து நியமிக்கலாம் என்று அன்றைய அரசு சட்டம் இயற்றியது. அப்படி நியமிக்கப்பட்ட நீதியரசர்களே, ஒரு தரப்பான நிறைவேற்றுத்துறை தன் வழக்குக்குத் தானே நீதியரசரைத் தேர்ந்தெடுப்பது முறையல்ல என்று கூறி, அந்த அதிகாரம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தனர். அந்த அரசின் மீது அப்போது பெரிய களங்கம் எதுவும் இருக்கவில்லை. சதிக்கு இலக்காகித் தப்பிய அரசு என்ற அனுதாபமே அதன் பக்கம் இருந்தது. இருந்தும் அது தடுக்கப்பட்டது, சட்டத்தில் தடை இருந்தபடியால். தடையை உண்டாக்குவது அரசியலமைப்பின் அமைப்பே என்பதற்கு இந்த வழக்கை விட நல்ல சான்று நம் வரலாற்றில் இல்லை.

1999 முதல் 2005 வரை: முதல் கதவும் அதன் பூட்டும்

1999 செப்டெம்பரில் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க, சட்டமா அதிபராக இருந்த சரத் என். சில்வாவைப் பிரதம நீதியரசராக நியமித்தார். பணிமூப்பில் முன்னிருந்த மார்க் பெர்னாண்டோ தாண்டிச் செல்லப்பட்டார். புதிய பிரதம நீதியரசரைச் சட்டத்தரணிகள் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரும் மனுக்கள் அப்போது அதே உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தன. நாட்டிலும் வெளிநாட்டிலும் எதிர்ப்பு எழுந்தது; ஆனாலும் நியமனம் நிலைத்தது. எதிர்க்கட்சி 2001இல் குற்றப் பிரேரணை கொண்டுவர முயன்றபோது ஜனாதிபதி பாராளுமன்ற அமர்வை ஒத்திவைத்தார். ஆக, ஒரு நியமனத்தைச் சுற்றியே களங்கம் எழுந்தபோதும் அதைத் திருப்ப வழி கிடைக்கவில்லை.

மாற்றத்தைக் கொண்டுவந்தது எண்ணிக்கை. 2001 ஜூனில், பின்னாளில் கண்டி மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினராக நீண்ட காலம் இருந்த ரவூப் ஹக்கீமின் தலைமையில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் அரசிலிருந்து விலகியது. அரசு பெரும்பான்மையை இழந்தது. ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல் ஆட்சியின் திறமையின்மையை ஊரறியச் செய்தது. உயிர்பிழைக்க மக்கள் விடுதலை முன்னணியின் ஆதரவை நாடிய ஜனாதிபதி, அந்த ஆதரவுக்கு விலையாக 17ஆம் திருத்தத்தை ஏற்றார். செப்டெம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய அந்தத் திருத்தம் 2001 ஒக்டோபர் 3 அன்று சான்றுரைக்கப்பட்டது. பத்துப் பேர் கொண்ட அரசியலமைப்புப் பேரவை பிறந்தது. பிரதம நீதியரசராகவோ உயர் நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசராகவோ ஒருவரை ஜனாதிபதி நியமிக்க, பேரவையின் அங்கீகாரம் கட்டாயமானது. தளர்ந்த நேரத்தில் ஒரு ஜனாதிபதி விட்டுக்கொடுத்தது, அடுத்து வரும் எல்லா ஜனாதிபதிகளையும் கட்டுப்படுத்தும் சட்டமாயிற்று.

ஆனால் அந்தச் சட்டம் நான்கு ஆண்டுகூட முழுமையாக நிற்கவில்லை. முதல் பேரவையின் பதவிக்காலம் 2005 மார்ச்சில் முடிந்தது. சிறிய கட்சிகளின் பிரதிநிதி யார் என்பதில் இணக்கம் வராததால் அடுத்த பேரவை அமையவில்லை. அந்த இடைவெளியில் ஜனாதிபதியான மஹிந்த ராஜபக்ஷ, பேரவை இல்லை என்பதையே காரணமாக்கி உயர் பதவிகளுக்குத் தாமே நேரடியாக ஆட்களை நியமித்தார். பின்னர் பெயர்கள் முன்மொழியப்பட்டபோதும் பேரவையை அமைக்கவில்லை. அவர் பதவிக்கு வந்த பாதையிலும் ஒரு களங்கம் இருந்தது. சுனாமி நிவாரணப் பணம் சுமார் 80 மில்லியன் ரூபா ‘ஹெல்பிங் ஹம்பாந்தோட்டை’ கணக்குக்கு மாற்றப்பட்டது குறித்த பொலிஸ் விசாரணையை, 2005இல் சரத் சில்வாவின் தலைமையிலான உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2006இல் அந்த விசாரணையே தவறு என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்புக்காகப் பின்னாளில் சரத் சில்வாவே பகிரங்கமாக வருந்தினார். ஒரு ஜனாதிபதி கட்டின்றி நியமித்த பிரதம நீதியரசர் அடுத்த ஜனாதிபதியின் வழியைத் திறந்துவிட்டார். அப்படி வந்தவர் பேரவையை இயங்கவிடவில்லை. ஒரு நியமனத்தின் விளைவு அதைச் செய்தவரின் பதவிக்காலத்தோடு முடிவதில்லை.

2010 முதல் 2015 வரை: வலிமையின் விளைவும் திருத்தமும்

போர் முடிந்த பின் உச்ச செல்வாக்கில் இருந்த ராஜபக்ஷ அரசு 2010 செப்டெம்பர் 8 அன்று 18ஆம் திருத்தத்தை 161க்கு 17 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. இருமுறை மட்டுமே ஜனாதிபதியாகலாம் என்ற வரம்பு நீங்கியது. அரசியலமைப்புப் பேரவையின் இடத்தில், கருத்துச் சொல்ல மட்டும் முடிந்த பாராளுமன்றப் பேரவை வந்தது. அந்தச் சட்டமூலத்துக்குச் சர்வசன வாக்கெடுப்புத் தேவையில்லை என்று தீர்மானித்த ஐவர் கொண்ட நீதியரசர் ஆயத்துக்குத் தலைமை தாங்கியவர் ஷிராணி பண்டாரநாயக்க. 2011 மே மாதத்தில் அவரே நாட்டின் முதல் பெண் பிரதம நீதியரசரானார்.

2012இல் மாகாண சபைகளின் அதிகாரத்தைத் தொடும் திவிநெகும சட்டமூலம் வந்தது. மாகாண சபைகளின் கருத்தைக் கேளாமல் அதை நிறைவேற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. நவம்பர் 1 அன்று 117 உறுப்பினர்களின் கையொப்பத்துடன் பிரதம நீதியரசருக்கு எதிரான குற்றப் பிரேரணை சபாநாயகரிடம் கையளிக்கப்பட்டது. கண்டியின் லக்ஷ்மன் கிரியெல்ல, இரா. சம்பந்தன் உள்ளிட்ட நான்கு எதிர்க்கட்சி உறுப்பினர்கள் தெரிவுக்குழுவிலிருந்து வெளியேறியதும், மீதமிருந்த ஆளுங்கட்சியினர் உடனேயே அவரைக் குற்றவாளி என்று அறிக்கையிட்டனர். தெரிவுக்குழுவுக்கு அத்தகைய சட்ட அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் பொருள்கோடல் செய்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையை வறிதாக்கியது. இருந்தும் 2013 ஜனவரி 11 அன்று 155க்கு 49 என்ற வாக்குகளால் பிரேரணை நிறைவேறியது. சில நாட்களில் முன்னாள் சட்டமா அதிபர் மொஹான் பீரிஸ் பிரதம நீதியரசராகப் பதவியேற்றார். அந்நாட்களில் சட்டத்தரணிகள் வீதிக்கு இறங்கினர். உலகெங்குமிருந்து கண்டனம் வந்தது. அரசியல் களங்கம் என்று சொல்லத்தக்கது ஏதேனும் இருந்தால் அது இதுவே. ஆனால் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் 18ஆம் திருத்தமும் கையிலிருந்த ஜனாதிபதியை அது தடுக்கவில்லை. தாம் விரும்பியவரை ஒரு வாரத்துக்குள்ளேயே நியமித்தார். அவர் விலை கொடுத்தது இரண்டு ஆண்டு கழித்து, தேர்தலில்.

2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன வென்றதும், மொஹான் பீரிஸின் நியமனம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவித்தார். ஷிராணி பண்டாரநாயக்க ஒரு நாள் மீண்டும் பதவியில் அமர்ந்து ஓய்வுபெற்றார், கே. ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார். இதில் ஒரு நெருடல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒரு பிரதம நீதியரசர் பாராளுமன்ற நடைமுறை எதுவுமின்றி, ஜனாதிபதி செயலகத்தின் கடிதமொன்றின் மூலம் பதவியிழந்தார். நோக்கம் நியாயமானது, கருவி பழைய கட்டற்ற அதிகாரமே. அதனால்தான் அதற்கடுத்து வந்த 19ஆம் திருத்தம் இன்றியமையாததாயிற்று. 2015 ஏப்ரல் 28 அன்று 215 பேர் ஆதரவாகவும் ஒருவர் எதிராகவும் வாக்களிக்க, அரசியலமைப்புப் பேரவை மீண்டும் உயிர்பெற்றது. வெளியாரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதப்பட்ட ஏற்பாடு விவாதத்தின்போது மாற்றப்பட்டு, ஏழு பாராளுமன்ற உறுப்பினர்களும் மூன்று வெளியாரும் என்றானது. இந்த மாற்றத்தின் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

2018 முதல் 2024 வரை: பேரவைக்கு வந்த சோதனைகள்

2018 ஒக்டோபர் 26 அன்று சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மஹிந்த ராஜபக்ஷவை நியமித்தார். நவம்பர் 9 அன்று பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தனர். ஆயத்துக்குத் தலைமை தாங்கிய நளின் பெரேரா, அந்த நெருக்கடிக்கு இரண்டு வாரம் முன்பு பேரவையின் அங்கீகாரத்துடன் சிறிசேனவினாலேயே நியமிக்கப்பட்டவர். நியமித்தவருக்கு எதிராகத் தீர்ப்பளிக்கும் துணிவு நீதியரசரின் மனச்சாட்சியிலிருந்து வருகிறது. ஆனால், ‘இவரே என்னை இங்கு அமர்த்தினார்’ என்ற கடமைப்பாடு இல்லாத நியமன முறை அந்த மனச்சாட்சிக்கு இடம் கொடுக்கிறது. அதன் பின் மதிப்பிழந்து நின்ற சிறிசேன முன்வைத்த பெயர்கள் சிலவற்றைப் பேரவை ஏற்கவில்லை. 2019 தொடக்கத்தில் அவர் பாராளுமன்றத்திலேயே பேரவையைக் கடுமையாகச் சாடினார். நம் வரலாற்றில் ஒரு ஜனாதிபதியின் களங்கம் நீதியரசர் நியமன அதிகாரத்தை நேரடியாகத் தளர்த்திய முதல் தெளிவான தருணம் இது. மறுக்கும் உரிமை கொண்ட ஒரு நிறுவனம் அப்போது உயிரோடு இருந்ததால்தான் அது நடந்தது.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் அச்சத்தில் வென்ற கோட்டாபய ராஜபக்ஷ, 2020 ஒக்டோபர் 22 அன்று 156க்கு 65 என்ற வாக்குகளால் 20ஆம் திருத்தத்தைக் கொண்டுவந்தார். பேரவை மறுபடியும் கருத்துச் சொல்லும் சபையாகச் சுருங்கியது. கூடவே உயர் நீதிமன்ற நீதியரசர்களின் எண்ணிக்கை 11இலிருந்து 17ஆகவும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 12இலிருந்து 20ஆகவும் உயர்ந்தது. தேங்கிக்கிடந்த வழக்குகளுக்கு அது தேவைதான். ஆனால் புதிதாகப் பிறந்த அத்தனை ஆசனங்களையும், சம்மதம் கேட்கத் தேவையில்லாத ஒரே ஜனாதிபதி நிரப்பும் நிலை வந்தது. பின்னர் பொருளாதாரம் சரிந்தது, அறகலய என்ற மக்கள் போராட்டம் எழுந்தது, 2022 ஜூலை 14 அன்று அவர் பதவி விலகினார். அதே பாராளுமன்றம் ஒக்டோபர் 21 அன்று 179 ஆதரவு வாக்குகளாலும் ஒரே எதிர்வாக்காலும் 21ஆம் திருத்தத்தை நிறைவேற்றிப் பேரவையை மீட்டது. 2015இலும் 2022இலும் அந்த ஒற்றை எதிர்வாக்கை அளித்தவர் சரத் வீரசேகர. 20ஆம் திருத்தத்துக்குக் கையுயர்த்திய பலர் இரண்டே ஆண்டில் அதன் எதிர்த் திருத்தத்துக்கும் கையுயர்த்தினர். அவர்களின் கொள்கை மாறவில்லை; ஜனாதிபதியின் பலம் மாறியது.

பாராளுமன்றத்தில் தம் கட்சிக்கு ஒரே ஓர் ஆசனம் வைத்திருந்த ரணில் விக்கிரமசிங்க அந்தப் பேரவையோடு மோதினார். 2023 இறுதியில் உயர் நீதிமன்ற நீதியரசர் நியமனமொன்று இழுபட்டபோது, பேரவை நிறைவேற்றுத்துறைக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற தொனியில் பாராளுமன்றத்தில் பேசினார். 2024இல் சட்டமா அதிபரின் சேவைக்காலத்தை நீடிக்க அவர் முன்வைத்த யோசனையைப் பேரவை நிராகரித்தது. ஆனால் அதே ஆண்டு பொலிஸ்மா அதிபராகத் தேசபந்து தென்னகோனை நியமிப்பதில் பேரவை வழுக்கியது. நால்வர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு, இருவர் நடுநிலை என்றிருக்க, சபாநாயகர் தம் வாக்கையும் சேர்த்து அங்கீகாரம் கிடைத்தது என்று அறிவித்தார். ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றம் அந்த நியமனத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. உறுப்பினரில் பெரும்பாலோர் அரசியல்வாதிகளாக இருக்கும் பேரவை எங்கே உடையும் என்பதை அந்த வாக்கெடுப்பு காட்டியது.

பிற நாடுகளில் இதே கேள்வி

அமெரிக்காவின் அனுபவமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. அங்கு செனட் சபை சம்மதித்தால்தான் நீதியரசர் நியமனம் நிறைவேறும். ஊழல் விவகாரங்களால் சூழப்பட்ட யுலிசிஸ் கிராண்ட், பிரதம நீதியரசர் பதவிக்கு முன்மொழிந்த இரு பெயர்களை 1874இல் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அதுவும் தம் கட்சி ஆதிக்கம் செலுத்திய சபையிலேயே. 1986 நவம்பரில் ஈரான்-கொன்ட்ரா விவகாரம் வெடித்தது. அதே மாதத் தேர்தலில் ரொனால்ட் ரேகனின் கட்சி செனட்டை இழந்தது. 1987 ஒக்டோபரில் ரொபர்ட் போர்க்கின் பெயர் 58க்கு 42 என்று தோற்றது. களங்கம் அங்கே வேலை செய்தது, ஆனால் செனட்டின் எண்ணிக்கையோடு கூடி. வோட்டர்கேட் விவகாரம் நீடித்த 1972-74 காலத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் வெற்றிடமே உண்டாகவில்லை. ஆகவே நிக்சனின் வீழ்ச்சி நியமன அதிகாரத்தைக் குறைத்தது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அவருக்குப் பின் வந்த ஃபோர்ட் 1975இல் எல்லாத் தரப்பும் ஏற்கக்கூடிய ஜோன் போல் ஸ்டீவன்ஸைத் தேர்ந்தெடுத்தார். எதிர்வாக்கே இன்றி அவர் அங்கீகரிக்கப்பட்டார்.

நமக்கு இன்னும் நெருக்கமானது பாகிஸ்தான். ஊழல் வழக்குகளுக்கு மன்னிப்பு வழங்கிய தேசிய இணக்க ஆணையை 2009 டிசம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியதும் ஜனாதிபதி ஆசிப் அலி சர்தாரி தளர்ந்தார். 2010 பெப்ரவரியில் பிரதம நீதியரசரின் பரிந்துரைக்கு மாறாக அவர் செய்த நியமனங்களை நீதிமன்றம் அன்றிரவே இடைநிறுத்தியது. சில நாட்களில் அவர் பணிந்தார். ஏப்ரலில் அந்நாட்டு அரசியலமைப்பின் 18ஆம் திருத்தம் நீதித்துறை ஆணைக்குழுவை உருவாக்கியது. ஆனால் 2024 ஒக்டோபரில் 26ஆம் திருத்தம், பிரதம நீதியரசரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றக் குழுவின் கைக்கு மாற்றியது. இந்தியாவிலும் 1973இலும் 1977இலும் பணிமூப்பை மீறி பிரதம நீதியரசர்களை நியமித்த வலிமையான அரசின் நினைவே, பலமற்ற ஓர் அரசின் காலத்தில் 1993இல் நியமனத்தை நீதியரசர் குழுவின் கைக்குக் கொண்டுபோன தீர்ப்புக்குப் பின்புலமாயிற்று. தளர்ந்த நேரத்தில் சீர்திருத்தம், வலுத்த நேரத்தில் அதைப் பறித்தல் என்ற அலை இலங்கையில் மட்டும் அடிப்பதல்ல.

மறுப்புகளும் பதில்களும்

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று வலுவான மறுப்புகள் உண்டு. மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த ஜனாதிபதியை, மக்கள் தெரிவுசெய்யாத பேரவை தடுப்பது ஜனநாயகத்துக்கு முரண் அல்லவா என்பது முதலாவது. வாக்காளர் ஜனாதிபதிக்கு ஆட்சி செய்யும் ஆணையைத் தருகிறார்; தம் ஆட்சியை விசாரிக்கும் நீதியரசரைத் தனியே தேர்ந்துகொள்ளும் ஆணையைத் தருவதில்லை. மேலும், பேரவை நியமிப்பதில்லை. பெயரை முன்மொழிவது ஜனாதிபதியே; பேரவை சம்மதிக்கிறது அல்லது மறுக்கிறது. சிறுபான்மைச் சமூகங்களுக்கு இந்த வேறுபாடு உயிரானது. எண்ணிக்கையால் என்றுமே ஒரு ஜனாதிபதியைத் தனித்து உருவாக்க முடியாத மலையகத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும், பெரும்பான்மையின் விருப்பத்துக்கு அப்பால் நிற்கும் நீதிமன்றமே இறுதிக் காப்பு.

2020க்குப் பின் நியமனம் பெற்றவர்களையும் கொண்டிருந்த நீதிமன்றமே 2023இல் ராஜபக்ஷக்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததே, பின் நியமன முறை எதற்கு என்பது இரண்டாவது. 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால், பொருளாதார நெருக்கடிக்குக் காரணமான செயல்களில் கோட்டாபயவும் மஹிந்தவும் பசிலும் வேறு சிலரும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என்று தீர்த்தது. அது பெருமைக்குரிய தீர்ப்பு. ஆனால் அது வந்தபோது கோட்டாபய பதவியில் இல்லை. ஆட்சியிலிருக்கும் ஜனாதிபதியை எதிர்த்து நிற்பது வேறு, வீழ்ந்தவரைப் பற்றித் தீர்ப்பளிப்பது வேறு. தனிப்பட்ட நீதியரசர்களின் நேர்மை நமக்குக் கிடைத்த நற்பேறு. ஒரு நாட்டின் உரிமைகளை நற்பேற்றின் மீது கட்டியெழுப்ப முடியாது. 18ஆம் திருத்தத்துக்கு வழிவிட்ட நீதியரசரே அதே வலுப்பெற்ற ஆட்சியால் வெளியேற்றப்பட்டதும் இதையே சொல்கிறது.

பேரவையும் அரசியலாகிறது, தாமதமாக்குகிறது, வெற்றிடங்களால் வழக்குகள் தேங்குகின்றன என்பது மூன்றாவது. இது உண்மை. 2024 வாக்கெடுப்பு அதை நிரூபித்தது. ஒரு மேன்முறையீட்டுக்காகக் கண்டியிலிருந்து கொழும்புக்குப் பல ஆண்டு அலைபவருக்கு வெற்று ஆசனம் அநீதியே. ஆனால் கதவின் பூட்டு துருப்பிடித்தால் பூட்டை மாற்ற வேண்டும்; கதவைக் கழற்றி எறிவது தீர்வல்ல. பேரவை பிழை விட்டபோதும் அதைத் திருத்த நீதிமன்றம் இருந்தது. பேரவையே இல்லாத காலத்தில் செய்யப்பட்ட நியமனங்களைத் திருத்த முறையான வழி எதுவும் இருக்கவில்லை.

இனி என்ன வேண்டும்

2001, 2015, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் பேரவை வந்தது. 2005, 2010, 2020 ஆகியவற்றில் அது போனது. வந்த ஆண்டுகளில் நிறைவேற்று அதிகாரம் தளர்ந்தோ பிளவுபட்டோ இருந்தது. 2015இல் சிறிசேன தம் அதிகாரத்தைத் தாமே குறைக்க முன்வந்தார் என்பது உண்மை; ஆனால் அதற்கு அவர் தேர்தலில் வாக்குறுதி அளித்திருந்தார், பாராளுமன்றத்தில் அவருக்குச் சொந்தப் பெரும்பான்மையும் இருக்கவில்லை. பேரவை போன ஆண்டுகளில் ஜனாதிபதி வலுத்திருந்தார், அல்லது பேரவை அமையாத இடைவெளி அவருக்குக் கிடைத்தது. ஆகவே களங்கம் வரும்வரை காத்திருந்து சீர்திருத்தத்தை அறுவடை செய்வது ஒரு நாட்டின் கொள்கையாக இருக்க முடியாது. அந்தக் களங்கத்தின் விலையைக் கட்டுபவர் மக்கள். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்கள் அதை அறிவார்கள்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. பேரவையை நீக்கவோ அதன் அங்கீகாரத்தை வெறும் கருத்தாக்கவோ சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதப்பட வேண்டும். மூன்றில் இரண்டு மட்டும் போதாது என்பதை 2010உம் 2020உம் காட்டின. 19ஆம் திருத்தத்தின் முதல் வரைவில் இருந்தபடி பேரவையில் வெளியார் பெரும்பான்மையாக வேண்டும். வெற்றிடம் ஏற்படும் முன்பே ஜனாதிபதி பெயரை முன்மொழியவும், குறித்த நாட்களுக்குள் பேரவை முடிவு சொல்லவும் காலவரையறை தேவை. ஏற்றாலும் மறுத்தாலும் காரணம் எழுத்தில் வெளியாக வேண்டும். அப்போதுதான் மறுப்பு பழிவாங்கல் அல்ல என்று மக்கள் நம்புவர். நீதியரசரை நீக்கும் குற்றச்சாட்டைப் பாராளுமன்றத் தெரிவுக்குழுவுக்குப் பதிலாகச் சுயாதீனமான நீதித்துறைக் குழுவொன்று விசாரிக்க வேண்டும். நியமனத்தில் காவல் வைத்து, நீக்கத்தில் திறந்துவிட்டால் 2013 மீண்டும் நடக்கும்.

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. அநுர குமார திசாநாயக்கவின் அரசுக்கு மூன்றில் இரண்டுக்கு மேல் பலம் உண்டு; புதிய அரசியலமைப்புப் பற்றிய வாக்குறுதியும் உண்டு. 18ஆம், 20ஆம் திருத்தங்களைக் கொண்டுவந்தவர்களிடம் இருந்தது போன்ற பலம் இது. நம் வரலாற்றில் தன் நியமன அதிகாரத்தைப் பலமாக இருக்கும்போதே விட்டுக்கொடுத்த அரசு இதுவரை இல்லை. இந்த அரசு அதைச் செய்து, பேரவையைச் சர்வசன வாக்கெடுப்பின் காவலுக்குள் வைத்தால், அடுத்த ஜனாதிபதி களங்கப்பட்டாலும் புகழ்பெற்றாலும் நீதிமன்றம் ஒரே அளவில் சுயாதீனமாக இருக்கும். அதைக் கேட்டு வற்புறுத்த வேண்டிய காலம் ஆட்சியாளர் வீழும் நாள் அல்ல. அவர்கள் பலமாக நிற்கும் இன்றைய நாளே.